மல்லாட்டை ஊரில் கொக்கோ

விழுப்புரம் சந்திப்பிலிருந்து ரயில்கள் ஐந்து பக்கம் பிரிகின்றன. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி. எந்த ரயிலில் வந்தவரும் சாக்லேட்டுக்காக இங்கே இறங்கியிருக்க மாட்டார். அதற்கு ஊட்டியும் கொடைக்கானலும் இருக்கின்றன. இது கரும்பும் உளுந்தும் மல்லாட்டை என்று இங்கே சொல்லும் நிலக்கடலையும் விளைகிற மாவட்டம். கொக்கோ இந்த மண்ணின் பயிரே அல்ல. இருந்தாலும் கொக்கோ விதையை வாங்கி, வறுத்து, தோல் நீக்கி, அரைத்து, டார்க் சாக்லேட் வில்லையாக வார்க்கிற வேலை இந்த மாவட்டத்தில் இரண்டு இடங்களில் நடப்பது தெரிந்துதான் தை மாதக் காலை ஒன்றில் விழுப்புரத்தில் இறங்கினேன். ஒன்று திண்டிவனத்தில் ஒரு வீட்டு அடுப்படி. மற்றது வானூர் வட்டத்தில் இருக்கும் ஆரோவில்.

திண்டிவனத்துக்குப் பஸ் ஏறுமுன் பழைய பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கிரைண்டர் பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். காரணம் இருக்கிறது. உலகெங்கும் சிறிய அளவில் சாக்லேட் செய்பவர்கள் பயன்படுத்தும் அரைப்பு இயந்திரத்தின் பூர்வீகம் நம் மாவு கிரைண்டர். கோயம்புத்தூரில் 1955இல் சபாபதி என்பவர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் வெட் கிரைண்டர், பிறகு மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சிறுத்து, அமெரிக்காவில் குடியேறிய தமிழர் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டாயிரமாவது ஆண்டுகளின் தொடக்கத்தில் ஓரிகன் மாநிலத்தில் ஜான் நான்சி என்பவர் வீட்டில் சாக்லேட் அரைக்க வழி தேடிக்கொண்டிருந்தார். ஆலைகளில் இருக்கும் இயந்திரங்கள் ஓர் அறையை அடைக்கும். விலையும் தனி மனிதர் தொட முடியாதது. அவர் கைக்குக் கிடைத்த விடைதான் இட்லி மாவு அரைக்கும் கிரைண்டர். கருங்கல் அடி, அதன்மேல் உருளும் கருங்கல் உருளைகள், நிற்காமல் சுற்றும் மோட்டார். சாக்லேட்டுக்கு வேண்டியதும் இவைதான். ஜார்ஜியா மாநிலத்தில் தோசை மாவு கிரைண்டர் விற்றுவந்த ஆண்டாள், பாலசுப்பிரமணியன் தம்பதி இதைக் கவனித்து, சாக்லேட்டுக்கென்றே மாற்றியமைத்த கிரைண்டர்களைக் கொண்டுவந்தார்கள். ‘கோகோடவுன்’ என்ற அவர்களுடைய நிறுவனத்தின் பெயர் இன்று பல நாட்டுச் சிறு தயாரிப்பாளர்களுக்குத் தெரியும்.

கடைக்காரரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. தண்ணீர் விடாமல் கிரைண்டர் ஓடுமா என்று மட்டும் கேட்டேன்.

“வறண்டதைப் போடாதீங்க சார். தண்ணி இருக்கிற தைரியத்துலதான் கல்லு சுத்துது. இல்லேன்னா சூடேறி பெல்ட்டு போயிடும், அடியில புஷ்ஷும் போயிடும்.”

“எண்ணெய் விடுற பொருளா இருந்தா?”

“எண்ணெய் விட்டா ஓடும். ஆனா எவ்ளோ நேரம் ஓட்டுவீங்க?”

“ஒரு நாள், ரெண்டு நாள் விடாம.”

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். “அதுக்கு இந்த மோட்டாரு தாங்காது சார்.”

அவர் சொன்னது சரியே. சாக்லேட்டுக்கு விற்கும் கிரைண்டரில் மாற்றியிருப்பதெல்லாம் அவர் சுட்டிக்காட்டிய இடங்களைத்தான். விடாமல் ஓடும் வலுவுள்ள மோட்டார், சூட்டுக்கு இளகாத புஷ், உருளையை அடிக்கல்லோடு இறுக்கி அழுத்த ஒரு திருகு. மற்றபடி அது நம் வீட்டுக் கிரைண்டர்தான்.

பஸ் வடக்கே போகும்போது முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை வருகிறது. அரைவை நடக்கும் பருவம். கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் பஸ் தவழ்ந்தது. விக்கிரவாண்டி சுங்கச் சாவடியைத் தாண்டிய பிறகுதான் வேகம் பிடித்தது. சாக்லேட்டுக்குத் தேவையான இரண்டு பொருள்களில் ஒன்று இந்தச் சாலையோரத்திலேயே விளைகிறது. மற்றொன்று பொள்ளாச்சியிலிருந்து வர வேண்டும். கொக்கோ மரத்துக்கு நிழலும் ஈரக் காற்றும் வேண்டும். வறட்சியும் பலத்த காற்றும் ஆகாது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக அது நிற்பதற்கு அதுவே காரணம். திண்டிவனத்துச் சித்திரை வெயிலில் அதை வளர்ப்பது வீண் வேலை.

திண்டிவனம் மல்லாட்டையின் ஊர். இங்கேயுள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களெல்லாம் டி.எம்.வி. என்ற முன்னெழுத்தோடு இந்தியாவின் பல மாநிலங்களில் விதைக்கப்பட்டிருக்கின்றன. டி.எம்.வி. என்றால் திண்டிவனம். விதையை வறுத்து, தோலை ஊதி, பருப்பை எடுக்கும் வேலை இந்த ஊர்க் கைகளுக்குப் புதிது அல்ல. நான் போன வீட்டுக்காரரும் அதைத்தான் முதலில் சொன்னார். நண்பரின் அக்கா அவர். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

“வா தம்பி. கை கழுவிட்டு உக்காரு. மல்லாட்டை வறுக்கத் தெரிஞ்சவங்களுக்கு இது பெரிய வித்தை இல்ல. பொறுமைதான் வேணும்.”

அடுப்படி மூலையில் கிரைண்டர் முந்தின நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஈட்டை மறுநாள் காலை வார்ப்பதாகத் திட்டம். வறுப்பதையும் புடைப்பதையும் நான் பார்க்க வேண்டும் என்று அடுத்த ஈட்டுக்கான விதையைத் தனியே எடுத்து வைத்திருந்தார்.

சாக்கிலிருந்து ஒரு கைப்பிடி விதையை எடுத்து, சிலவற்றைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து காட்டினார். உள்ளே பழுப்பு நிறமும் வரிவரியாக வெடிப்பும் இருந்தால் நன்றாக நொதித்த விதை. ஊதா நிறமாக இருந்தால் நொதிப்பு போதவில்லை. சாம்பல் பூத்து இறுகிக் கிடந்தால் நொதிக்கவே இல்லை. “இதுல ஏமாந்தா அப்புறம் என்ன பண்ணாலும் துவர்ப்பு போகாது. சர்க்கரையைக் கொட்டி மறைக்கத்தான் முடியும்” என்றார். விதை வாங்கும்போது ஈரப்பதமும் முக்கியம். ஆறேழு விழுக்காட்டுக்குமேல் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். நன்கு காய்ந்த விதையைக் கையில் அள்ளிக் குலுக்கினால் சலசலக்கும்.

கல், தட்டை, ஒட்டிக்கொண்ட விதை எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்த பிறகு வறுவல். அக்காவிடம் சிறிய ஓவன் இருக்கிறது. 130 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரை மணிக்குச் சற்றுக் குறைவாக வைக்கிறார். ஓவன் இல்லாதவர்கள் கனமான இரும்பு வாணலியில், சிறு தீயில், கை ஓயாமல் கிளறியும் வறுக்கலாம். நிறம் சீராக வருவது மட்டும் கொஞ்சம் கடினம். முதலில் காடி வாடை கிளம்பியது. நொதித்தபோது விதைக்குள் ஏறிய அமிலம் ஆவியாகிறது. சிறிது நேரத்தில் அந்த வாடை அடங்கி, கேக் வேகும் மணம் வந்தது. தோல் வெடிக்கும் சத்தம் இரண்டு மூன்று கேட்டதும் எடுத்துவிட்டார். மணம் உச்சத்துக்கு ஏறி, இறங்கத் தொடங்கும்வரை வைத்தால் கருகல் கசப்பு வந்துவிடும்.

வறுவல் சுவைக்காக மட்டும் அல்ல. கொக்கோ விதை களத்து மண்ணிலும் முற்றத்திலும் காய்ந்து வருகிறது. பச்சை விதையில் கிருமிகள் இருக்கும். அவற்றைக் கொல்லும் ஒரே கட்டம் இதுதான். பச்சை விதையைத் தொட்ட கையோடு வறுத்ததைத் தொடக் கூடாது என்பதில் அக்கா மிகக் கண்டிப்பு. நான் வந்ததும் கை கழுவச் சொன்னதன் பொருள் அப்போதுதான் புரிந்தது.

ஆறிய விதையைச் சப்பாத்திக் கட்டையால் உருட்டி உடைத்து, முறத்தில் இட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோனார். புடைக்கப் புடைக்கத் தோல் பறந்து, பருப்பு முறத்தில் தங்கியது. வெளிநாட்டில் இதற்குக் குழாயும் விசிறியும் வைத்துப் பெட்டி செய்கிறார்கள். முறம் பிடிக்கத் தெரிந்த வீட்டில் அது தேவையில்லை. காற்று இல்லாத நாளில் தலைமுடி உலர்த்தும் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து ஊதுவாராம். தோல் கறிவேப்பிலைச் செடிக்கு உரமாகப் போகிறது. நாய் வளர்ப்பவர்கள் அதைச் செய்யக் கூடாது. கொக்கோவிலுள்ள தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு.

கணக்கையும் அங்கேயே சொன்னார். ஒரு கிலோ விதையில் தோலும் ஈரமும் போக முக்கால் கிலோ பருப்பு தேறும். அதோடு 320 கிராம் சர்க்கரை சேர்த்தால் 70 விழுக்காட்டு டார்க் சாக்லேட் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கிடைக்கும். உறையில் 70 என்று போட்டிருந்தால் கொக்கோவிலிருந்து வந்தது அவ்வளவு, மீதி பெரும்பாலும் சர்க்கரை என்று அர்த்தம். டார்க் சாக்லேட்டை மருந்தாக நினைத்துத் தின்பவர்கள் அந்த மீதி முப்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கிரைண்டரில் இடுமுன் பருப்பையும் கல்லையும் வெதுவெதுப்பாக்குகிறார். பிறகு ஒரு கைப்பிடியாகப் போட்டு, அது இளகியதும் அடுத்த கைப்பிடி. தண்ணீர் இல்லாமல் பொடி எப்படிக் குழம்பாகிறது என்பதற்கு விடை பருப்பிலேயே இருக்கிறது. அதில் பாதிக்குமேல் கொழுப்பு, அதாவது கொக்கோ வெண்ணெய். உராயும் சூட்டில் அது உருகி, தானே குழம்பாகிவிடும். தண்ணீர் ஒரு துளி விழுந்தாலும் போதும், சர்க்கரை நனைந்து ஒன்றோடொன்று ஒட்டி மொத்தமும் கட்டிதட்டிவிடும். ஈரக் கரண்டி, ஈரக் கை எதுவும் கிரைண்டர் பக்கம் வரக் கூடாது. சர்க்கரையையும் வெயிலில் காய வைத்துப் பொடித்துத்தான் சேர்க்கிறார். வெல்லமோ கருப்பட்டியோ போட்டால் என்ன என்று கேட்டேன். இரண்டிலும் ஈரம் உண்டு, காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். பொடித்து, ஓவனில் மெல்லிய சூட்டில் நன்றாக உலர்த்தினால்தான் கருப்பட்டி சேரும் என்றார். விக்கிரவாண்டிப் பக்கத்துப் பனைகளை நினைத்துக்கொண்டு கேட்ட கேள்வி அது. உழைப்பு கூடினாலும் முயன்று பார்க்க வேண்டிய சுவை.

அரைப்பு ஏன் ஒரு நாளுக்குமேல் நீள்கிறது? சுமார் 30 மைக்ரானுக்குமேல் இருக்கும் துகளை நாக்கு மணலாக உணர்ந்துவிடும். 20 மைக்ரானை ஒட்டி இறங்கினால்தான் வழுவழுப்பு. இன்னொரு காரணமும் உண்டு. சூட்டோடு காற்றுப்படச் சுற்றச் சுற்ற மிச்சமிருக்கும் காடி வாடை வெளியேறுகிறது. சுவிட்சர்லாந்தில் ரோடால்ப் லிண்ட் 1879இல் கண்ட முறை இது. அதற்குமுன் சாக்லேட் வில்லை கடித்தால் நறநறக்கும். இரவு முழுக்க அந்த வீட்டில் கிரைண்டர் சத்தம் ஓயவில்லை. மின்சாரம் போய்விட்டால் குழம்பு இறுகி உருளையைப் பிடித்துக்கொள்ளும். டிரையரால் சூடு காட்டி இளக்கிய பிறகுதான் மறுபடி சுவிட்சைப் போட வேண்டும். இல்லையென்றால் விழுப்புரத்துக் கடைக்காரர் சொன்னது நடந்துவிடும்.

விடிவதற்கு முன்பே அக்கா எழுப்பிவிட்டார். வார்ப்பதற்கு அதுதான் நேரம். இந்தத் தொழிலின் மிகக் கடினமான கட்டம் இங்கேதான் வருகிறது, அதுவும் திண்டிவனத்தில் இரட்டிப்புக் கடினம். கொக்கோ வெண்ணெய் உறையும்போது ஆறு விதமான படிகங்களாக உறைய முடியும். அவற்றில் ஐந்தாவது வகைதான் நமக்கு வேண்டும். பளபளப்பு, உடைத்தால் ‘டக்’ என்ற சத்தம், வாயில் போட்டால் 34 டிகிரியை ஒட்டி உருகுவது எல்லாம் அதன் குணம். கண்டபடி ஆறவிட்டால் மற்ற வகைகள் கலந்து, வில்லை தொளதொளத்து, சில நாளில் மேலே வெள்ளை பூத்துவிடும். தின்றால் கெடுதி இல்லை, ஆனால் பார்த்தவர் கையில் எடுக்க மாட்டார்.

வேண்டிய படிகத்தை மட்டும் உறைய வைக்கும் இந்த வேலைக்கு டெம்பரிங் என்று பெயர். டார்க் சாக்லேட்டுக்கான கணக்கு இது: 45 முதல் 50 டிகிரிவரை சூடாக்கி எல்லாப் படிகத்தையும் கரைக்க வேண்டும். 27, 28க்கு இறக்க வேண்டும். மறுபடி 31, 32க்கு ஏற்றி வார்த்துவிட வேண்டும். அக்கா பெரும்பகுதிக் குழம்பைச் சுத்தமாகத் துடைத்த அடுப்படிக் கருங்கல் மேடையில் ஊற்றி, தட்டைக் கரண்டியால் பரப்பியும் கூட்டியும் ஆற்றினார். கெட்டிப்படத் தொடங்கியதும் வாரிச் சூடான மீதியோடு கலந்தார். கையில் சமையல் தெர்மாமீட்டர். கத்தி நுனியில் தொட்டு வைத்த சாக்லேட் ஐந்து நிமிடத்தில் மினுமினுப்போடு இறுகியதும் அச்சில் ஊற்றினார். தை மாத விடியலில் அந்த வீட்டில் இதற்குப் போதுமான குளிர்ச்சி இருந்தது. மாசியோடு அவர் கடையைக் கட்டிவிடுகிறார். சித்திரையில் அறையே 38 டிகிரியில் இருக்கும். ஐந்தாவது படிகம் உறைய அங்கே இடமில்லை. குளிர்பதன அறை இருந்தால்தான் கோடையில் செய்யலாம். ஃபிரிட்ஜில் வைத்து உறைய வைப்பது குறுக்கு வழி. வெளியே எடுத்ததும் மேலே நீர் பூத்துச் சர்க்கரை கரைந்து திட்டுத் திட்டாகும்.

வெயில் ஏறுமுன் கிளியனூர் வழியாக ஆரோவில் புறப்பட்டேன். இடப்புறமும் வலப்புறமும் மல்லாட்டைக் கொல்லை, சவுக்குத் தோப்பு, பிறகு செம்மண். 1968 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டியபோது பொட்டலாகக் கிடந்த மேடு அது. இன்று அடர்ந்த காடு. இங்கேதான் 2014இல் ஜேன் மேசன், ஃபேபியன் போந்தேம் இருவரும் ‘மேசன் அண்ட் கோ’ என்ற சாக்லேட் கூடத்தைத் தொடங்கினார்கள். பால் சேர்க்காத நல்ல டார்க் சாக்லேட் இந்தியக் கடைகளில் கிடைக்கவில்லை என்று ஜேன் வீட்டில் செய்து பார்த்ததுதான் தொடக்கம். விதையிலிருந்து வில்லைவரை ஒரே கூரையின்கீழ் செய்யும் முறையை இந்தியாவில் முன்னெடுத்தவர்களில் இவர்களும் உண்டு. சுற்றுக் கிராமத்துப் பெண்கள்தான் அங்கே பெரும்பாலும் வேலை செய்கிறார்கள்.

இவர்கள் தொடங்கியபோது மோதிய சுவர் இயந்திரம் அல்ல, விதை. இந்தியாவுக்குக் கொக்கோ புதிதல்ல. 1798லேயே குற்றாலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி கொக்கோ நட்டது. வணிகப் பயிராக அது வேரூன்றியது 1965க்குப் பிறகு, கேட்பரி நிறுவனம் வயநாட்டில் உழவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய பின்தான். இன்று ஆந்திரத்துக் கோதாவரி மாவட்டங்கள் முன்னணியில் நிற்கின்றன; கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு பின்தொடர்கின்றன. ஆனால் விளைந்ததில் பெரும்பகுதி பெரிய ஆலைகளுக்கு எடைக்கணக்கில் போயிற்று. பால் பவுடரும் சர்க்கரையும் கலந்த இனிப்பில் விதையின் நயம் தெரியப் போவதில்லை. அதனால் நன்றாக நொதிக்க வைத்தவருக்கும் ஏனோதானோவென்று காய வைத்தவருக்கும் விலையில் பெரிய வேறுபாடு இல்லை. டார்க் சாக்லேட்டில் அந்தச் சலுகை கிடையாது. விதையில் இருப்பதுதான் வில்லையில் வரும்.

நொதிப்பு தோட்டத்தில் நடக்கிறது. பழத்தை உடைத்து, வெண்சதையோடு விதைகளை வழித்து மரப்பெட்டியில் கொட்டி, வாழையிலையால் மூடுகிறார்கள். முதலில் ஈஸ்ட் சதையின் இனிப்பைச் சாராயமாக்கும். பிறகு பாக்டீரியா அதைக் காடியாக்கும். பெட்டிக்குள் சூடு 45, 50 டிகிரிக்கு ஏறி முளை சாகும். விதைக்குள் புரதம் உடைந்து, வறுக்கும்போது மணமாக மாறப்போகும் பொருள்கள் உருவாகின்றன. இடையிடையே கிளறிவிட்டு, ஐந்தாறு நாள் காத்திருந்து, பிறகு நிதானமாகக் காய வைக்க வேண்டும். இதை உழவர்களோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து, அதற்குரிய கூடுதல் விலையையும் தருவதுதான் சிறு தயாரிப்பாளர்கள் செய்த பெரிய மாற்றம். பொள்ளாச்சிப் பக்கத்தில் உழவர்களே ‘சோக்லெட்’ என்ற பெயரில் தங்கள் தோட்டத்து விதையைத் தாங்களே வில்லையாக்கவும் தொடங்கிவிட்டார்கள். ஐவரி கோஸ்டும் கானாவும் சேர்ந்து உலகக் கொக்கோவில் பாதிக்குமேல் விளைவிக்கின்றன. அங்கே விளைச்சல் பொய்த்ததால் 2024இல் உலகச் சந்தையில் டன் விலை 10,000 டாலரைத் தாண்டியது. நம் தோப்பு விதைக்கு மதிப்பு கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆரோவில் அங்காடியில் வாங்கிய வில்லையையும் திண்டிவனத்து வில்லையையும் மரத்தடியில் அடுத்தடுத்துத் தின்று பார்த்தேன். வழுவழுப்பிலும் பளபளப்பிலும் கூடத்து வில்லை ஒரு படி மேல். அது இயந்திரமும் குளிரறையும் செய்த வேலை. வாசனையில் அக்காவின் வில்லை பின்தங்கவில்லை. இரண்டிலும் முதலில் கசப்பு, பிறகு மெல்லிய பழப் புளிப்பு, கடைசியில் நாக்கில் நிற்கும் ஒரு வறுவல் மணம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலைவாசத் தலங்களிலும் ஊர்க் கடைகளிலும் ‘ஹோம்மேட்’ என்று விற்கும் சாக்லேட்டில் பெரும்பாலானது ஆலையில் செய்த பாளத்தை வாங்கி உருக்கி, முந்திரி தூவி, அச்சில் ஊற்றியது. அதிலும் ‘காம்பவுண்ட்’ வகையில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். வெயிலுக்கு எளிதில் உருகாது, டெம்பரிங் தேவையில்லை, விலையும் மலிவு. செய்வதில் தவறில்லை, ஆனால் அது சாக்லேட் செய்வது அல்ல, சாக்லேட் வார்ப்பது. வாங்குமுன் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். கொக்கோ, கொக்கோ வெண்ணெய், சர்க்கரை. இவ்வளவோடு நின்றால் அது டார்க் சாக்லேட்.

வீட்டில் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு: எடுத்த எடுப்பில் விலை கூடிய கிரைண்டர் வாங்க வேண்டாம். அரைக் கிலோ விதை வாங்கி, பிளந்து பார்த்து, வறுத்து, முறத்தில் புடைத்து, அந்தப் பருப்பை அப்படியே நாட்டுச் சர்க்கரையோடு மென்று பாருங்கள். அந்தச் சுவை பிடித்தால் மேற்கொண்டு செலவு செய்யுங்கள். வறுப்பதும் புடைப்பதும் அரைப்பதும் நம் கைக்கு ஏற்கெனவே தெரிந்தவை. நல்ல விதைக்கும் குளிர்ந்த அறைக்கும் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. தொடங்குவதென்றால் மார்கழியில் தொடங்குங்கள்.